எறிஞ்சா மாங்கனி மாதிரி எறியணும்

டிஸ்கி: இது சாமி இருக்கா இல்லையான்னு பேசுற பதிவு இல்லீங்க. எனக்கு சனீஸ்வரன் மேல மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. மீன ராசி, ஏழரை ஓடுது. அதனால ரெண்டு கட்சிக்காரங்களும் கொஞ்சம் பொறுமையா படிச்சிட்டு அப்புறமா வந்து கும்முங்க :-)

எங்க ஊரு காரைக்கால். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவுல சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புல ரெண்டு லட்சம் சனம். வெளியூர்ல "காரைக்கால்"னு சொன்னா கண்ணடிச்சுக்கிட்டு "சரக்கு சீப்பாமே"ன்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது வேற.

இந்தச் சின்ன இடத்துல அஞ்சு கிலோமீட்டர் தூரத்துல ரெண்டு பெரிய கூட்டம் கூடும். ஒண்ணு டவுனுக்குள்ள, ஆனி மாசப் பௌர்ணமியில மாங்கனித் திருவிழா. இன்னொண்ணு திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி. ரெண்டுலயும் ஜனங்க காசு குடுத்து ஒரு பொருளை வாங்குறாங்க, வாங்கினதை எறியுறாங்க. அங்க மாம்பழம், இங்க துணி. பண்டிகைன்னா எதையாவது வாங்கித் தீரணும்னு நாம இன்னைக்கு அலையுற அலைச்சலுக்கு, இந்த ரெண்டு எறியலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் புரிஞ்சாலே போதும்னு எனக்குத் தோணுது. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல மாங்கனி. கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனாலும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம். புனிதவதியோட வீட்டுக்காரர் பரமதத்தன், வணிகர். கடைக்கு வந்த ரெண்டு மாம்பழத்தை வீட்டுக்குக் குடுத்தனுப்புறார். பசியோட ஒரு சிவனடியார் வாசல்ல வந்து நிக்கிறார். சோறு ஆயிடுச்சு, கறி இன்னும் ஆகல. அந்தம்மா யோசிக்கவே இல்ல, சோத்தோட ஒரு மாம்பழத்தை எடுத்து வச்சிட்டாங்க. அப்புறம் வீட்டுக்காரர் வந்து ஒண்ணைச் சாப்பிட்டு "இன்னொண்ணையும் கொண்டா"ங்கிறார். அவ்வளவுதான், அந்த ஒரு பழத்துலதான் மொத்தப் புராணமும் நிக்குது. புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆனதும், அற்புதத் திருவந்தாதி பாடினதும் எல்லாம் அதுக்கப்புறம்.

விழா அன்னிக்கு பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்துல வீதியுலா வருவார். கையேந்தி வர்ற சாமி! ஊரே மாம்பழத்தோட காத்துக்கிட்டு நிக்கும். சாமிக்குப் படைச்சிட்டு, மாடியில இருந்தும் வாசல்ல இருந்தும் கூட்டத்துக்குள்ள பழத்தை வீசுவாங்க. கீழ முந்தானையை விரிச்சுப் பிடிப்பாங்க, துண்டை விரிச்சுப் பிடிப்பாங்க, கையை மட்டும் நம்பி நிக்கிற என்னை மாதிரி ஆளுங்க மூக்குல வாங்குவாங்க (அனுபவம்). குழந்தை இல்லாத தம்பதிங்க அந்தப் பழத்தைப் பிடிச்சுச் சாப்பிட்டா பிள்ளை பிறக்கும்னு நம்பிக்கை. பிடிச்சவர் யாரு என்ன சாதின்னு வீசினவருக்குத் தெரியாது. வீசினது யாருன்னு பிடிச்சவருக்கும் தெரியாது. நசுங்கினதை மாடு தின்னும். அடுத்த மழைக்கு எங்க தெருச் சாக்கடை ஓரத்துல மாங்கொட்டை முளைச்சு நிக்கும்.

சுத்தமான விழான்னு நான் பீத்திக்க வரல. பழம் வந்த பிளாஸ்டிக் பை எங்க போச்சுன்னு கேளுங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை, எங்க புதுச்சேரி அரசும் அந்த வருஷமே தடை போட்டுச்சு, 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்க ஒருமுறைப் பிளாஸ்டிக் பல வகைக்குத் தடை. தடை தடையா இருக்கு, பை பையா இருக்கு. அன்னதான கப்பும் தண்ணி பாக்கெட்டும் விடியக்காலையில வீதி முழுக்க மிதிபட்டுக் கிடக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் குப்பையில மாம்பழம் இருக்காது. விழாவோட மையப் பொருள் குப்பை ஆகல. சுத்தி இருக்கிறதுதான் குப்பை. அதை அள்ளி எறிஞ்சிட்டாலும் விழாவுக்கு ஒரு குறையும் வராது.

இப்ப திருநள்ளாறுக்கு வாங்க.

2023 டிசம்பர் 20. சனிப்பெயர்ச்சி. எங்கம்மா மூணு மாசமா போன்ல சொல்லிச் சொல்லி என்னை வரவச்சிட்டாங்க. நளன் குளத்துல எண்ணெய் தேய்ச்சு முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுட்டு, வேற துணி மாத்திக்கிட்டு, தர்ப்பாரண்யேஸ்வரரைக் கும்பிட்டுட்டு சனீஸ்வரனைப் பாக்கணும். இதான் முறைன்னு வழிவழியா சொல்றாங்க. "பழசா ஒண்ணு போட்டுக்கடா தம்பி"ன்னாங்க அம்மா. பொட்டியைத் துழாவினா கையில சிக்கினது ஆபீஸ்ல குடுத்த டி-சட்டை.

அந்தச் சட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. நான் ஆணி புடுங்கற கம்பெனி எதுன்னு சொல்ல மாட்டேன். ஆன்லைன் வியாபாரம் சம்பந்தப்பட்டது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடி "திருவிழா விற்பனை" நடக்கும். பத்து நாள் ராத்திரி தூக்கம் கிடையாது, பீட்சா உண்டு, ஆளுக்கொரு டி-சட்டை உண்டு. "இன்னும் 2 மணி நேரம் மட்டுமே"ன்னு பொருளுக்குப் பக்கத்துல ஒரு கடிகாரம் ஓடும் பாத்திருக்கீங்களா? எங்க பக்கத்துல ஓடின அந்தக் கடிகாரத்துக்கு நிரல் எழுதினவன் அடியேன்தான். ரெண்டு மணி நேரம் முடிஞ்சதும் என்ன ஆகும்? மறுபடி முதல்ல இருந்து ஓடும். அவ்வளவுதான் மேட்டர். அந்தக் கடிகாரத்தைப் பாத்துப் பதறி வாங்கின புண்ணியவான்கள்ல எங்க அக்காவும் ஒருத்தி. இன்னும் பிரிக்காத ஒரு ஜூஸர் அவ வீட்டுப் பரண்ல இருக்கு.

அந்த டி-சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் குளத்துல இறங்கினேன். ரெண்டாவது படியில காலை வச்சதும் ஏதோ சுத்திக்கிச்சு. பாம்போன்னு பதறிட்டேன். புடவை. யாரோ விட்டது. அதுக்கு அடியில வேட்டி, அதுக்கு அடியில சுடிதார். தண்ணிக்குள்ள ஒரு ஜவுளிக்கடையே இருந்துச்சு. "குளத்துல துணிய விடாதீங்க, விடாதீங்க"ன்னு மைக்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. கேக்கணுமே! பழசு கொண்டு வராதவங்களுக்குன்னே வெளிய மெல்லிசா ஒரு துணி விக்கிறாங்க. காலையில வாங்கி, கட்டி, முழுகி, விட்டுட்டு வர்றதுக்கு மட்டும். அதோட ஆயுசு மொத்தம் அரை மணி நேரம் இருக்கும். யோசிச்சுப் பாத்தா என் கடிகாரத்துக்கும் அந்தக் கடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நானும் விட்டேன். பொய் சொல்லல. சட்டையைக் கழட்டி தண்ணிக்குள்ள விட்டுட்டு, திரும்பிப் பாக்காம படியேறி வந்தேன். திரும்பிப் பாக்கக் கூடாதாம்.

ஆனா மறுநாள் காலையில அந்தப் பக்கமா பஸ்ஸுக்குப் போறப்ப திரும்பிப் பாத்துத் தொலைச்சிட்டேன். ஈரத் துணி மலை மாதிரி குவிஞ்சிருந்துச்சு. நாலஞ்சு பேர் வாரிக்கிட்டு இருந்தாங்க. ஈரத் துணி என்ன கனம் கனக்கும்னு ஒரு பக்கெட் துணி பிழிஞ்சவங்களுக்குத் தெரியும். அதுல ஒரு அக்காகிட்ட, "ஏங்க்கா, இதெல்லாம் தோஷத் துணின்னு சொல்றாங்களே, தொடறதுக்கு உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?"ன்னு கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், என்ன மாதிரி கேள்வி அது! அவங்க சிரிச்சிட்டு சொன்னாங்க: "ஊரு தோஷம் மொத்தமும் எங் கை வழியாத்தான் தம்பி போவுது. எனக்கு ஒண்ணும் ஆவலயே. கையுறைதான் கிழிஞ்சு போச்சு."

அன்னைலருந்து இதை எழுதணும்னு இருந்தேன்.

மாம்பழம் யார் கைக்குப் போகுதோ அவங்களுக்கு அது நல்லது செய்யணும்னு நினைச்சுத்தான் வீசுறோம். துணியை விடுறப்ப என்ன நினைப்பு? என் பீடை என்னை விட்டுப் போகணும். எங்க போகும்? அதைப் பத்தி நினைப்பே கிடையாது. போற இடத்துல ஒரு ஆள் நிக்கிறாங்க. சம்பளத்துக்கு, பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு. அவங்க என்ன சாதியா இருப்பாங்கன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்லை. நம்ம தோஷத்தை நம்மளவிடக் கீழ நிக்கிற ஆள் கையில ஏத்தி விடுறதுக்குப் பேரு பரிகாரம்னா, அந்தப் பரிகாரத்துக்கு ஒரு பரிகாரம் செய்யணும்யா.

"அதெப்படி, ஐதீகத்தைக் குறை சொல்ற?"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. நளன் கதை ஞாபகம் இருக்கா? சூதுல நாட்டைத் தோத்து, காட்டுக்குப் போய், பசியில பறவை பிடிக்கலாம்னு கட்டியிருந்த ஒரே துணியை மேல வீச, பறவை துணியோட பறந்து போயிடுச்சு. கட்டிக்கத் துணி இல்லாம தமயந்தியோட ஒரு புடவையை ரெண்டு பேரும் சேந்து உடுத்திக்கிட்டு அலைஞ்சான். கடைசியில அதையும் பாதியா அறுத்துக்கிட்டு அவளை விட்டுட்டுப் போனான். சனி பிடிச்சவனோட நிலைமை அது: உடுத்திக்கத் துணி இல்லாம போறது. அப்பேர்ப்பட்டவன் பேர்ல இருக்கிற குளத்துல போய் நாம நல்ல துணியை அவுத்து விடுறோம். நளன் மட்டும் பாத்திருந்தான்னா குளத்துல குதிச்சு ஆளுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போயிருப்பான்.

2020 டிசம்பர் 27ம் ஒரு சனிப்பெயர்ச்சிதான். கொரோனா காலம், நளன் குளத்துல யாரையும் முழுக விடல. அதனால சனி பகவான் ராசி மாற மாட்டேன்னு அடம் பிடிச்சாரா? மாறிட்டார்ல? 2025 மார்ச் 29ல திருக்கணிதப்படி பெயர்ச்சின்னு சேனல் சேனலா முழங்கினப்போ, நாங்க வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்கு 2026லதான்னு திருநள்ளாறு கோயில்ல அறிவிச்சாங்க. நாளையே பஞ்சாங்கத்தைப் பாத்து இத்தனை கறாரா சொல்லத் தெரிஞ்ச ஊருக்கு, "துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ"ன்னு கறாரா சொல்லவும் முடியும்.

சுற்றுச்சூழல்னதும் உடனே பனிக்கரடிக்குப் போயிடாதீங்க. நம்ம பிரச்சினை தண்ணி. ஒரு பருத்தி டி-சட்டைக்கு, பருத்தி விளையுறதுல ஆரம்பிச்சு, சுமார் 2,700 லிட்டர் தண்ணி ஆகும்னு உலக இயற்கை நிதியம் சொல்ற கணக்கு ரொம்பப் பிரபலம். காவிரி நடுவர் மன்றம் 2007ல புதுச்சேரிக்கு ஒதுக்கினது 7 டிஎம்சி, அதாவது காரைக்காலுக்கு. 2018ல உச்ச நீதிமன்றமும் அதுல கை வைக்கல. அந்த 7 டிஎம்சி கடைமடைக்கு வந்து சேருமா சேராதான்னு வருஷா வருஷம் வானத்தையும் மேட்டூரையும் பாத்துக்கிட்டு நிக்கிற ஊரு இது. எங்க தாத்தா அரசலாத்துத் தண்ணிக்காக ஷட்டர் பக்கத்துல ராத்திரி முழுக்கக் காவல் படுத்திருக்கார். அந்த ஊருக்குள்ள வந்து 2,700 லிட்டரைக் குளத்துல அவுத்துப் போட்டவன் அவர் பேரன். இதுல பாலியஸ்டர் கலந்த துணின்னா மக்கக் கூட மக்காது, பிளாஸ்டிக்தானே அதுவும்.

முழுகுறதே தப்புன்னு நான் சொல்லல. மாசி மகத்துக்கு திருமலைராயன்பட்டினம் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவ மக்கள் அவரை வீட்டு மாப்பிள்ளையா நினைச்சு வரவேற்பாங்க. ஆயிரக்கணக்கான பேர் கடல்ல முழுகுறாங்க. யாரும் துணியைக் கடல்ல விட்டுட்டு வர்றதில்லை. ஈரத்தோடயே வீட்டுக்கு நடப்பாங்க. பக்தியில என்ன குறைஞ்சு போச்சு?

சரி, திருநள்ளாறு பரிகாரம்தானே, பண்டிகைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். எனக்கென்னமோ நம்ம பண்டிகை எல்லாமே மெல்ல மெல்ல நளன் குளம் ஆயிட்டு வருதுன்னு தோணுது. அட்சய திருதியைன்னு ஒண்ணு, எங்க பாட்டிக்கு அன்னிக்கு நகை வாங்கணும்னே தெரியாது. தானம் குடுக்கிற நாள்னுதான் சொல்லும். இப்ப விடியக்காலையிலேயே நகைக்கடை வாசல்ல வரிசை. ஆடி மாசம்? கல்யாணம் காட்சி இல்லாத, வியாபாரம் படுத்துக்கிற மாசம். தள்ளுபடின்னு போட்டு அதையும் பண்டிகை ஆக்கிட்டாங்க. தீபாவளிக்கு ஒரு செட் துணிங்கிறது போய், காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு, ஆபீஸ்ல "பாரம்பரிய உடை நாள்" போட்டோவுக்கு ஒண்ணு. பாரம்பரியத்தைக் காப்பாத்துறேன்னு சண்டைக்கு வர்றவங்களே, நீங்க காப்பாத்துறதுல பாதி விளம்பரக் கம்பெனி பெத்த பிள்ளை. வயசு முப்பது கூட ஆகல.

பாரம்பரியம் வேணுமா? எங்க தெருவுல தீபாவளிப் பலகாரம் எவர்சில்வர் தட்டுல, மேல ஒரு துணி மூடி, வீடு வீடாப் போகும். பக்கத்து வீட்டு ராத்தா அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னா ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். நோன்புல எங்க வீட்டுத் தூக்கு கஞ்சிக்குப் போகும். கல்யாண விருந்துக்குப் போனா சகன்ல நாலு பேர் ஒரே தட்டைச் சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். மிச்சம் வச்சா மத்த மூணு பேரும் முறைப்பாங்க. இதுல எங்கயாவது கப்பு, கவர், பாக்கெட்டு இருக்கா? இப்ப அதே பலகாரம் கடையில வாங்கின டப்பாவுல, டப்பாவைச் சுத்தி ஜிகினாத் தாள், அதுக்கு மேல ஒரு பை. தட்டு இருந்தவரைக்கும் அது திரும்பி வந்துச்சு. தட்டு திரும்பி வர்றப்ப ஒரு ஆளும் கூட வந்துச்சு. டப்பா திரும்பி வர்றதில்லை.

இதுக்கு எதிர்க் கட்சி ஒண்ணு இருக்கு, அவங்களையும் விடப்போறதில்லை. "பசுமைத் தீபாவளி" கோஷ்டி. சிவகங்கை மாவட்டத்துல கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக்காரங்க பறவைகளுக்காகப் பட்டாசே வெடிக்கிறதில்லைன்னு வருஷா வருஷம் வாட்ஸப்ல சிலிர்த்துட்டு, அதே கையோட நாலு சணல் பை, ரெண்டு மூங்கில் பிரஷ், விதை வச்ச வாழ்த்து அட்டைன்னு ஆர்டர் போடுவாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி அட்டைப்பெட்டியில, குமிழ்ப் பிளாஸ்டிக் சுத்தி வரும். சாமி சத்தியமா சொல்றேன், எங்க கம்பெனியிலயே பசுமைன்னு தனி ஒரு பகுதி திறந்தோம், அதுக்கும் அதே கடிகாரம்தான் :-( பையை வாங்கி பூமியைக் காப்பாத்த முடியாதுங்க. வீட்டுல ஏற்கெனவே பத்து மஞ்சப்பை இருக்கு, கல்யாண வீட்டுல குடுத்தது.

"நீ சட்டை வாங்கலைன்னா நெசவாளி என்ன பண்ணுவான், பட்டாசு வாங்கலைன்னா சிவகாசி என்ன ஆகும்?" இது நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் கிடையாது. 2018ல உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரம் வரையறுத்ததுல இருந்து அந்த ஜனங்க படுற பாட்டை ஏசி ரூம்ல உக்காந்து நான் பேசுறது அசிங்கம். ஆனா துணி விஷயத்துல ஒண்ணு கேக்கிறேன். அரை மணி நேரத்துல குளத்துல போற அந்த மெல்லிசுத் துணியை எந்தக் கைத்தறி நெசவாளி நெஞ்சான்? அஞ்சு மட்டமான சட்டைக்குக் குடுக்கிற காசுல ஒரு கைத்தறிச் சட்டை வாங்கினா, அது அஞ்சு தீபாவளிக்கு வரும். காசு நெசவாளிக்கும் போகும்.

"வாஞ்சூர்ல துறைமுகத்து நிலக்கரித் தூசின்னு நாகூர்ப் பக்கம் வருஷக்கணக்கா புகார் சொல்றாங்களே, அதை விட்டுட்டு கோயில் குளத்தை நோண்டுறியே"ன்னு ஒரு அண்ணாச்சி கட்டாயம் கேப்பார். கேளுங்கண்ணே, அதையும் எழுதணும்தான். ஆனா கப்பலை நிறுத்த என்னால ஆகாது. என் சட்டையை நானே திரும்ப எடுத்துட்டு வர்றதுக்கு யார் அனுமதியும் வேணாம் பாருங்க.

தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப நடுவுல ஒரு சனிக்கிழமை வருது. அம்மா வழக்கம் போல எண்ணெய், எள்ளு, பழைய துணியெல்லாம் எடுத்து வச்சிட்டாங்களாம். போன்ல சொன்னேன்: "முழுகுறேன்மா. ஆனா துணியைப் பிழிஞ்சு எடுத்துட்டு வந்துடுவேன்." அரை நிமிஷம் சத்தமே இல்லை. "தோஷத்தை வீட்டுக்குக் கொண்டு வர்றேங்கிறியா?" "என் தோஷம்தானேம்மா, நானே தோய்ச்சுக்கிறேன்." அந்த அக்கா சொன்னதையும் சொன்னேன், கையுறை கிழிஞ்ச கதை. மறுபடியும் சத்தமில்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்.

"சரி... எடுத்துட்டு வா. ஆனா வீட்டுக்குள்ள கொண்டு வராத. கொல்லையில கொடி கட்டி வைக்கிறேன், அங்கேயே காயட்டும்."